சபை பாட வேண்டும், தம்பி

கேள்வி: அண்ணனுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 26 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையில், ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்கு மூன்று வருடமாகப் பாடல் நடத்துகிறேன். கீபோர்ட், கிட்டார், டிரம் பேட், பாடுவதற்கு நாலு பேர் என்று குழு இருக்கிறது. நாங்கள் நன்றாகத்தான் பாடுகிறோம். ஆனால் சபை பாடுவதில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குழுவில் ஒரு அக்கா சுருதி விலகிப் பாடுகிறார். அவர் கணவர் போன வருடம் தவறிவிட்டார். பாடும்போதுதான் நிம்மதியாக இருக்கிறது என்கிறார். அவரை நிறுத்தச் சொல்லி மற்றவர்கள் என்னை நெருக்குகிறார்கள். பழைய குவையர் மாஸ்டர் தாத்தா, எங்கள் குழு வந்ததிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாவற்றையும் விட ஒன்று: சில ஞாயிறுகளில் மைக் முன்னால் நிற்கும்போது எனக்குள் ஒன்றுமே இல்லை. வேஷம் போடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு ஸ்தோத்திரம்.

விட்டுவிட வேண்டாம். ஆனால் இப்போது செய்வதை அப்படியே தொடரவும் வேண்டாம். "நாங்கள் நன்றாகத்தான் பாடுகிறோம், ஆனால் சபை பாடுவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கிற எல்லாக் கஷ்டமும் இந்த வரியில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பாடல் நடத்துகிறவருடைய வேலை சபையைப் பாட வைப்பது. சபை வாய் திறக்கவில்லை என்றால், குழு எவ்வளவு அருமையாகப் பாடினாலும் அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. கடுமையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சபைக்குப் பக்தி குறைந்துவிட்டது, ஜனங்கள் குளிர்ந்துபோனார்கள் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் அதை நம்பவில்லை. பெரும்பாலான இடங்களில் காரணம் சுருதியும் சத்தமும்தான். இரண்டையும் சரிசெய்துவிடலாம்.

குரல் நன்றாக ஏறுகிற பையன்கள் தங்கள் குரல் பளிச்சென்று கேட்கிற ஸ்கேலில் பாட்டைப் பழகுவார்கள். யூடியூபில் கேட்ட ஸ்கேலையே அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு. அது பயிற்சி பெற்ற ஒரு பாடகருக்காக ஸ்டுடியோவில் வைத்த ஸ்கேல். உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிற அம்மாவுக்கும், ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அது எட்டாது. முதல் சரணத்தில் முயற்சி செய்வார்கள், குரல் பிசிறும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அத்தோடு வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம் அடுத்த வாரமும் திறக்கமாட்டார்கள்.

நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிற கணக்கு எளிது. கீபோர்டில் ஸ்வரங்களுக்குச் சொல்கிற ஆங்கில எழுத்துப் பெயரில் சொன்னால், பயிற்சி இல்லாத குரல் வசதியாகப் பாடுகிற எல்லை, கீழே 'ஏ' அல்லது 'பி ஃப்ளாட்' தொடங்கி மேலே 'டி' வரை. கட்டைக் கணக்கில் சொன்னால் மேலே இரண்டு கட்டை. ஆண்கள் அதே ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். 'ஈ'யை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கலாம். அங்கேயே நிற்கச் சொன்னால் பாதிச் சபை நின்றுவிடும். ஆகையால் ஸ்கேலை முடிவு செய்யும்போது உங்கள் தொண்டையைக் கேட்காதீர்கள். பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரம் எது என்று பாருங்கள். ஒரு பாட்டு மத்திய ஷட்ஜமத்தில் ('ச') தொடங்கி மேல் காந்தாரம் ('க') வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். 'சி' ஸ்கேலில் அந்தக் காந்தாரம் 'ஈ'யில் விழும். ஒரு கட்டை இறக்கி 'பி ஃப்ளாட்'டில் வைத்தால் அது 'டி'யில் விழும், தொடங்குகிற ஷட்ஜமமும் யாருக்கும் ஆழமாகப் போகாது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் முடிகிற வேலை. உங்களுக்கு அந்தச் சுருதியில் பாடுவது சப்பென்று இருக்கும். இருக்கட்டும். அதிகாலை ஆராதனை என்றால் இன்னும் அரைக்கட்டை இறக்குங்கள். தூங்கி எழுந்ததும் எல்லோருடைய குரலும் தடித்துத்தான் இருக்கும்.

அடுத்தது சத்தம். மனிதன் தன் குரல் தனக்குக் கேட்டால்தான் தைரியமாகப் பாடுவான், பக்கத்தில் இருப்பவர் குரலும் கேட்டால் இன்னும் பாடுவான். ஸ்பீக்கர் இரண்டையும் மூடிவிட்டால், வேடிக்கை பார்ப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை இல்லை. போனில் சத்தம் அளக்கிற செயலி ஒன்றை இறக்கி, பாடும்போது கடைசி பெஞ்சில் யாரையாவது உட்காரவைத்துப் பாருங்கள். போன் காட்டுவது துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு அளவு கிடைக்கும். தொழிற்சாலைகளில் காது கெடாமல் வேலை செய்யப் பரவலாக ஏற்றுக்கொண்டிருக்கிற அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். சின்ன ஆலயத்தில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸை வைத்துக்கொண்டு 100-ஐத் தொடுவது சிரமமே இல்லை. முன் பெஞ்சில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆலயம் பழைய கற்கட்டடம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர்தான் போகும். 35 மீட்டர் தள்ளி வாசல் பக்கம் நிற்கிறவருக்கு உங்கள் தாளம் பத்தில் ஒரு நொடி பிந்தித்தான் போய்ச்சேரும். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடுகிற பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. மேலே உயர்ந்த கூரையின் எதிரொலி வேறு. "பின்னால் இருக்கிறவர்கள் இழுக்கிறார்கள்" என்று டிரம் பேட் தம்பி எரிச்சல்படுவார். அவர்கள் இழுக்கவில்லை, கேட்டதைக் கேட்ட நேரத்தில் பாடுகிறார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அடியைக் குறைத்தால் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள்.

இதோடு ஒரு பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு பாட்டின் கடைசிப் பல்லவிக்கு வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நீங்களும் மைக்கை விட்டு இரண்டு அடி பின்னால் போய்விடுங்கள். முதல் வாரம் சபை திடுக்கிடும், சத்தம் சன்னமாக இருக்கும். பயந்து மறுபடி மைக்கைப் பிடிக்காதீர்கள். நாலைந்து வாரத்தில் அந்தப் பல்லவிக்காகவே ஜனங்கள் காத்திருப்பார்கள். ஒரு சபை தன் குரலைத் தானே கேட்கிற அந்தச் சில வினாடிகளை நான் எந்தக் கச்சேரிக்கும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

நம் கீர்த்தனை மரபே இதற்காக வந்ததுதான். திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூரில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு நம் ராகத்திலும் தாளத்திலும் பாட்டு கொடுத்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். எழுத்தறியாதவர்கள் நிறைந்த கிராமச் சபைகளில் அவை எப்படி வேர்பிடித்தன என்று யோசித்துப் பாருங்கள். ஒருவர் சரணத்தை எடுத்துக்கொடுப்பார், பல்லவி வரும்போது எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். புத்தகமும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். அதனால் புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். அதையே மூன்று நாலு வாரம் தொடர்ந்து பாடுங்கள். உங்கள் குழுவுக்கு அலுத்துப்போகிற சமயத்தில்தான் சபைக்கு அது மனப்பாடமாகத் தொடங்கியிருக்கும்.

இனி அந்த அக்கா. இதற்குத்தான் உங்கள் கடிதத்தை எடுத்துவைத்துத் திரும்பத் திரும்ப யோசித்தேன்.

சுருதி விலகுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் காதில் குறை கிடையாது. ஸ்வரத்தைப் பிரித்தே அறிய முடியாதவர்கள் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்குக் காரணங்கள் சாதாரணமானவை: பாட்டு அவர்கள் எல்லைக்கு மேலே போகிறது, மூச்சு பத்தவில்லை, அல்லது மேடையில் தங்கள் குரல் தங்களுக்கே கேட்கவில்லை. அந்த அக்கா எந்தப் பாட்டிலும் விலகுகிறாரா, இல்லை உயரம் போகும்போது மட்டுமா? கவனித்துப் பாருங்கள். உயரத்தில் மட்டும் என்றால், நான் மேலே சொன்ன ஸ்கேல் கணக்கே பாதியைச் சரிசெய்துவிடும். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மூச்சு ஆழமாக இறங்காது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரு வருடம் அழுத தொண்டை அது.

பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் அவரை வரச்சொல்லுங்கள். குழுவில் இருக்கிற ஒரு பெண்ணும் கூட இருக்கட்டும்; கிராமம், ஆகையால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். கீபோர்டில் ஒரு ஸ்வரத்தை அழுத்தி "இதைப் பாடுங்கள் அக்கா" என்று தொடங்காதீர்கள். அவரை ஏதாவது ஒரு வரியைத் தன் போக்கில் பாடச்சொல்லி, அவர் எந்தச் சுருதியில் நிற்கிறாரோ அதை நீங்கள் கீபோர்டில் கண்டுபிடித்து அங்கே போய்ச் சேருங்கள். குரலும் வாத்தியமும் ஒன்றாகும்போது அந்த ஒட்டுதலை அவரே உணர்வார். அங்கிருந்து அரைக்கட்டை, ஒரு கட்டை என்று இரண்டு பேரும் சேர்ந்து நகருங்கள். சொல்லிக்கொடுக்கிறவர் மாணவியின் சுருதிக்குப் போவதுதான் முதல் படி. இதைச் செய்யாமல் வருடக்கணக்காகத் திருத்தியும் திருந்தாதவர்கள், இப்படிச் செய்ததும் சில வாரங்களில் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அவருடைய குரலைப் போனில் பதிந்து அவருக்கு மட்டும் போட்டுக்காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை, குழுவில் சுருதி மிகவும் உறுதியாக இருக்கிறவர் பக்கத்தில் அவரை நிறுத்துங்கள். அவர் மைக் சத்தத்தைக் குறைத்துவைக்க நினைத்தால், அதை அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். தெரியாமல் மைக்கை அணைத்துவிடுவது பல சபைகளில் நடக்கிறது. ஒருநாள் அது அந்த மனுஷிக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அவர் குழுவைவிட்டு மட்டும் போகமாட்டார்.

மூன்று நாலு மாதம் உழைத்தும் மாறவில்லை என்றால்? அப்போதும் அவருக்கு இடம் இருக்கிறது, அது ஆறுதலுக்குக் கொடுக்கிற இடமும் இல்லை. துக்க வீடுகளை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்குமேல் குழு கலைந்துபோன பிறகு, நாலைந்து பெண்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, புத்தகம் இல்லாமல், தாழ்ந்த சுருதியில் ஒரு பாட்டு முடிய இன்னொரு பாட்டு எடுப்பார்களே, அந்த இடத்தில் யார் உட்கார வேண்டும்? எந்தப் பாட்டு அந்த நேரத்தில் தாங்கும், எது குத்தும் என்று புருஷனைப் பறிகொடுத்தவருக்குத் தெரிகிற அளவுக்கு எனக்கும் உங்களுக்கும் தெரியாது. அவரிடமே கேளுங்கள்: "அக்கா, அந்த நாட்களில் உங்களுக்கு எந்தப் பாட்டு உதவியது?" பதிலைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை துக்க வீட்டுக்குப் போகும்போது அவரை உங்களோடு அழைத்துப்போங்கள், அவரே பாட்டு எடுக்கட்டும்.

நிறுத்தச் சொல்கிற மற்றவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். குழுவை உட்காரவைத்து முதலாம் நாளாகமம் 15-ஆம் அதிகாரத்தையும் 25-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வருகிற அன்று பாட்டுக்குத் தலைவனாக நின்றவன் கெனானியா. அவன் நிபுணன், அதனால் பாட்டைச் சொல்லிக்கொடுத்தான் என்று வேதம் சொல்கிறது. திறமை இருந்ததால் அவனுக்குக் கிடைத்தது கற்றுக்கொடுக்கிற வேலை. 25-ஆம் அதிகாரத்தில் பாட்டுத் தலைவர்களான ஆசாப், எதுத்தூன், ஏமான் இவர்களின் கீழ் 288 பேர் இருந்தார்கள். அவர்கள் சிறியவன் பெரியவன், ஆசான் மாணாக்கன் என்று பாராமல் சீட்டுப்போட்டு முறை வகுத்துக்கொண்டார்கள். தேவாலயத்திலேயே கற்றுக்கொண்டிருக்கிறவனுக்கு இடம் இருந்தது என்றால் நம் மேடையிலும் இருக்கலாம். சுருதி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. நிபுணன் என்ற வார்த்தை அங்கேதான் இருக்கிறது. சுருதி சேர்ந்தவர்கள்தான் சேராதவரைச் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அதே அதிகாரத்தில் உங்கள் களைப்புக்கும் ஒரு பதில் இருக்கிறது. 288 பேரை 12 பேர் வீதம் 24 பிரிவாக்கினார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் முறை. நீங்களோ மூன்று வருடமாக ஒரு ஞாயிறும் விடாமல் நிற்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. தம்பி, அது வைராக்கியம் மாதிரித் தெரியும். ஆனால் மற்றவர் வளர்கிற இடத்தை நீங்கள் அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு குழுவிலிருந்து வேறொருவர் நடத்தட்டும். பதினாறு பதினேழு வயதில் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. அன்றைக்கு நீங்கள் கடைசி பெஞ்சில், உங்கள் வீட்டாரோடு நின்று சாதாரணமாகப் பாடுங்கள். சிக்னல் காட்டாதீர்கள், கண்ணால் திருத்தாதீர்கள். ஸ்கேல் உயரமாக இருக்கிறதா, சத்தம் அதிகமா என்பதெல்லாம் அங்கே நின்றால் தானாகவே தெரியும்.

"எனக்குள் ஒன்றுமே இல்லை" என்று எழுதியதைப் பற்றி. உணர்ச்சி இல்லாமல் பாடுவது வேஷம் ஆகாது. இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டுவதுதான் வேஷம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நேர்மையான வழி இருக்கிறது. குரலைத் தழுதழுக்க வைக்காதீர்கள், கண்ணை மூடிக் கையைத் தூக்கிச் சபையை உசுப்பேற்றாதீர்கள், பாட்டுக்கு நடுவே பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாட்டைத் தெளிவாக எடுத்துக்கொடுங்கள், வார்த்தையைச் சரியாகச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்களிடம் இல்லாத விசுவாசம் முன்னால் நிற்கிற ஒரு பாட்டியிடம் இருக்கும். அவர் பாடுவதைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். சபை பாடினால் நடத்துகிறவருக்குக் கிடைக்கிற பெரிய பலன் இதுதான். மூன்று வருடமாக உங்களுக்கு யாரும் பாடித்தரவில்லை, வறண்டுபோகாமல் என்ன செய்வீர்கள்?

பாட்டுத் தேர்வையும் பாருங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும். ஏமானின் பெயரைத் தாங்கிய 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றுகூடக் கடைசியில் இல்லை. ஆனால் நம் பாட்டுப் பட்டியல் முழுக்க வெற்றியும் துள்ளலுமாக இருக்கிறது. கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டிலிருந்து வந்தவர், பிள்ளைக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வந்தவர், இவர்கள் எந்தப் பாட்டைப் பாடுவார்கள்? தவக்காலமாகிய லெந்து நாட்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த பாட்டுகளில் ஒன்றை எல்லா ஞாயிறும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெறுமையாக நிற்கிற அன்றைக்கு உங்களுக்கும் அது பொய் இல்லாத பாட்டாக இருக்கும். இந்த வறட்சி ஞாயிறோடு நிற்காமல், தூக்கம் பிடிக்காமல், வேலையிலும் வீட்டிலும் எதிலுமே மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் நீடித்தால், ஜெபத்தோடு கூட ஒரு டாக்டரையும் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாத்தாவிடம் நேரில் போங்கள். சமாதானம் பேசப் போகாமல், கற்றுக்கொள்ளப் போங்கள். அவர் காலத்துக் குவையர் மாஸ்டர் என்றால் ஸ்வரங்களை டோ, ரே, மி என்று எழுதிப் பாடுகிற சோல்ஃபா முறை அவருக்கு அத்துப்படியாக இருக்கும். இங்கிலாந்தில் ஜான் கர்வன் 19-ஆம் நூற்றாண்டில் அதைப் பரப்பியதே, இசை படிக்காத சாதாரண ஜனங்கள் நோட்டைப் பார்த்து நாலு குரலில் பாடவேண்டும் என்பதற்காக. நம் பக்கத்துச் சபைகளில் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று பிரித்துப் பாடினவர்களுக்கு அந்த நோட்டுகள்தான் துணை. பழைய நோட்டுப் புத்தகங்கள் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும். "தாத்தா, வருகிற கிறிஸ்துமஸுக்கு ஒரு பாமாலைப் பாட்டை நாலு குரலில் பாட ஆசை. எங்களுக்கு டெனரும் பேஸும் சொல்லித்தாருங்கள்" என்று கேளுங்கள். அவர் கோபப்படலாம், "இத்தனை நாள் எங்கே போனாய்?" என்றும் கேட்கலாம். கேட்கட்டும். பதில் பேசாமல் இருந்துவிட்டு அடுத்த வாரமும் போங்கள். பாமாலையை நாலு குரலில் பாடும்போது கீபோர்டும் டிரம் பேடும் ஓய்ந்திருக்கும்; அந்தப் பாட்டை அவரே கை காட்டி நடத்தட்டும்.

இதில் எதையும் உங்கள் சபை குருவான ஐயரிடம் பேசாமல் தொடங்காதீர்கள். ஆராதனை ஒழுங்கு அவருடைய பொறுப்பு, சவுண்ட் சிஸ்டம் சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டியின் பொறுப்பு. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றவும் வேண்டாம். முதலில் ஸ்கேலையும் சத்தத்தையும் இறக்குங்கள், அந்த அக்காவுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், தாத்தா வீட்டுக்குப் போய்வாருங்கள். உங்கள் குழு இப்போது பாடுகிற பாட்டுகளின் பட்டியலை, எந்த ஸ்கேலில் பாடுகிறீர்கள் என்பதோடு எனக்கு அனுப்புங்கள். எதை எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்து எழுதுகிறேன்.